நாற்பத்தோராவது அடி

இசை சிகிச்சை என்றதும் பாட்டு போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். டொக் டொக்கென்று வெறும் தாளம். என் வீட்டுக்காரருக்கு நடுக்குவாதம். வாசலைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தலையில் ஒயர் தொப்பி மாட்டி இருபது நிமிடம் லேசாக மின்சாரம் கொடுப்பார்கள். பிறகு தாளத்துக்கு அடி வைக்க வேண்டும். எண்ணுவது என் வேலை. மூன்று வாரமாகியும் பத்தைத் தாண்டவில்லை.

அன்று மதியம் தெரபிஸ்ட் பெண் அவசரத்தில் கம்ப்யூட்டரில் வேறொருவரின் பதிவைத் திறந்துவிட்டாள். தாளம் கொஞ்சம் வேகமாக வந்தது. இவர் எழுந்து கைவீசி நடந்தார். இருபது. முப்பது. கல்யாணத்தன்றுகூட மனுஷன் இத்தனை மிடுக்காக நடந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜன்னலருகே போனதும் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமினார். இவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

தெரபிஸ்டின் முகம் வெளுத்தது.

"அக்கா, இது வாத்தியாரோட தாளம். அவரும் இதே இடத்துல நின்னு செருமுவாரு."

"எந்த வாத்தியார்?"

"போன மாசம் இங்கதான் நடந்துட்டிருந்தாரு. நாப்பத்தோராவது அடியில விழுந்தாரு. எழுந்திரிக்கவே இல்ல."

ஸ்பீக்கரை அணைத்தாள். அதன் ஒயரையும் பிடுங்கினாள்.

இவர் மறுபடி நடந்தார்.

முப்பத்தெட்டு.

"என்னைப் பிடிச்சுக்கோ," என்றார் மெதுவாக. "நான் நடக்கல."

இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

முப்பத்தொன்பது.

நாற்பது.

வலது கால் எழுந்தது. நான் தரையில் விழுந்து அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன்.

தசை இறுக்கம்தான், காலைக் கீழே விடுங்கள் என்றார் ஓடி வந்த டாக்டர். "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும் டாக்டர். நான் விட மாட்டேன்," என்றேன். வாத்தியாரின் பதிவை அழித்துவிட்டார்களாம். அழித்து என்ன பிரயோஜனம்?

கால் தரையில் படாமல் தூக்கி வந்துவிட்டோம். இப்போது வீட்டில், நாற்காலியில் இவர். கீழே நான். மூன்று நாளாக நானும் நாத்தனாரும் மாறி மாறிப் பாதத்தைத் தாங்குகிறோம். முக்காலியில் வைத்தால் அதுவும் ஓர் அடிதானே என்று பயம். முதல் நாள் வெறும் பாதத்தின் கனம். இன்று ஓர் ஆள் ஏறி நிற்கும் கனம். நாத்தனார் கடைக்குப் போயிருக்கிறாள். என் கைகள் மரத்துவிட்டன.

"ஏங்க, கொஞ்சம் காலைத் தூக்குங்களேன்."

நன்றாகத் தூங்குகிறார்.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ இரண்டு முறை தொண்டையைச் செருமினார்கள்.