விற்றுப்போன சொந்தக் கோட்டு

"ஹலோ... அது என் கோட்டுங்க!"

பழைய துணி விற்கும் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். எதிரே ஒருவன் மூச்சிரைக்க நின்றான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள் மட்டும்... சே, வம்புக்கு வருகிறவனுக்கு இவ்வளவு அழகான கண்கள் எதற்கு?

"உங்க கோட்டா? நல்லாயிருக்கே கதை! இதோ பில்லு, இப்பத்தான் வாங்கினேன்."

"ஐயோ, வேற ஒண்ணைப் போட்டுப் பார்க்கலாம்னு இதைக் கழட்டிக் கம்பியில மாட்டினேங்க. திரும்பிப் பார்த்தா கோட்டைக் காணோம்!"

கடைக்கார அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "விலைச்சீட்டு விழுந்துடுச்சுன்னு நான்தான் புதுசா ஒட்டினேன். இம்புட்டுப் பழசா இருக்கவும் நம்ம கடைச் சரக்குன்னே நெனச்சுட்டேன் தம்பி! உன் காசைத் திருப்பித் தந்துடறேம்மா."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்துவிட்டான். ஆனாலும் அவள் கோட்டைக் கழற்றவில்லை. யாரோ உடுத்திக் கழித்ததில் ஒரு புது அழகைக் கண்டுபிடித்து, போட்டு, படமெடுத்து, வலைப்பூவில் எழுதாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஒரே ஒரு நாள்... பிளாக்ல போட்டோ போட்டுட்டுத் தந்துடறேன், ப்ளீஸ்!"

அந்தக் கெஞ்சலுக்கு எந்த ஆண்பிள்ளை அசையமாட்டான்? "சரி, மழை வேற பெய்யுது. போட்டுட்டே போங்க. எதிர்த் தெருவுல மூக்குக் கண்ணாடிக் கடை. நான்தான் அங்க கண் டெஸ்ட் பண்றேன்."

வீட்டுக்குப் போனதும் உற்சாகமாக எழுதினாள். சாம்பல் பாவாடைக்கு மேல் அந்த நீலக் கோட்டு எடுப்பாக இருந்தது. கடைசியில் வாய் சும்மா இருந்ததா? 'நான்கு பட்டன்களில் மூன்று கறுப்பு நூலில். ஒன்று மட்டும் சிவப்பு நூலில், கோணல்மாணலாக! கோட்டுக்குச் சொந்தக்காரர் எதிர்த் தெருவில் கண் பரிசோதிப்பவராம். முதலில் அவர் கண்ணை யாராவது பரிசோதியுங்களேன்!'

வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுடைய கூடப்பிறந்த அக்கா மட்டும், "ஏண்டி, அவரை உனக்குப் பிடிச்சிருக்குன்னு ஊருக்கே தண்டோரா போட்டுட்டியே!" என்றாள்.

"சும்மா இரு!" என்றாள் இவள், காது சிவக்க.

மறுநாள் கோட்டோடு போனபோது அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"படிச்சேங்க... அப்பாவும் படிச்சாரு. அந்தப் பட்டன் அவர் தைச்சது. அம்மா போனப்புறம் முதல் தடவையா ஊசியைக் கையில எடுத்தாரு. 'பிரிச்சு வேற யார்கிட்டயாவது தைச்சுக்கோடா'ன்னு சொல்றாரு இப்ப."

சுருக்கென்றது அவளுக்கு. எழுதிய ஒரு வரியைக்கூட யாருக்காகவும் திரும்பப் பெற்றவளில்லை. அதிலும் இதுவரை எழுதியதிலேயே ஊர் கொண்டாடுவது இதைத்தான். ஆனால் இந்தக் கண்கள் இனி தன்னைப் பார்த்துச் சிரிக்காமலே போய்விட்டால்...?

"அப்பா எங்க?"

பின்னறையில் மிஷினில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நான்தாங்க அதை எழுதினது. யார் தைச்சதுன்னு தெரியாம வாய்க்கு வந்தபடி எழுதிட்டேன். மன்னிச்சுடுங்கப்பா." அங்கேயே போனை எடுத்து அதையே வலைப்பூவிலும் எழுதினாள். கண்ணீர் வேறு, நேரம் காலம் தெரியாமல்.

"அட, என்னம்மா நீ! கண்ணாடிக் கடைக்காரன் கண்ணாடி போடாம தைச்சா இப்படித்தான் ஆகும்!" அவரே முதலில் சிரித்தார். "டேய், பொண்ணை உட்கார வை," என்றுவிட்டு மறுபடி மிஷினைப் போட்டார்.

கடையில் இருந்ததோ கண் பரிசோதிக்கும் நாற்காலி ஒன்றுதான். உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் அவன் அவள் கண்முன் லென்ஸைப் பிடித்தான்.

"இப்ப தெளிவா தெரியுதா?"

"கண்ணு கலங்கியிருக்கு... ஒண்ணும் தெரியலை." கொஞ்சம் தயங்கினாள். "உண்மையைச் சொல்லட்டா? போட்டோவுக்காக மட்டும் கோட்டைக் கேக்கலை. நேத்தே குடுத்துட்டா உங்களைத் திரும்பப் பார்க்க ஒரு சாக்கும் இருக்காதேன்னு..."

அவன் லென்ஸைக் கீழே வைத்தான்.

"என்னைப் பார்க்க சாக்கு எதுக்குங்க? எனக்கு... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

பின்னறையில் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"அப்பா... மிஷினைப் போடுங்கப்பா!" என்று கத்தினான் அவன், முகமெல்லாம் சிவந்து.

"எனக்கும்தான்," என்றாள் அவள், பின்னறைக்கும் கேட்கும்படியாக.