ஈ மொய்த்த மாடம்

"வீ...ல்!"

அலறியது கூட்டிப் பெருக்கும் அக்கா. துடைப்பம் ஒரு பக்கம் போனது, பினாயில் வாளி ஒரு பக்கம் உருண்டது.

பழைய நீதிமன்றக் கட்டடம் அது. இருநூறு வருடக் கிழம். பூச்சு வேலை முடித்துப் புது மாப்பிள்ளையாக நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலம் அமைச்சர் கையால் திறப்பு விழா! வாசலில் 'நம் மரபைக் காப்போம்' என்று பெரிய பேனர். அந்தப் பேனரைத் தொங்கவிட மரபுத் தூணிலேயே நாலு ஆணி.

பாதுகாப்பு ஏற்பாடு பார்க்க வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர் கூடத்துக்குள் ஓடினாள். ஸ்டேஷனில் அவளுக்குப் பட்டப்பெயர் கஷாயம். முகம் எப்போதும் அதைக் குடித்த மாதிரியே இருக்கும்.

"என்னக்கா? பாம்பா?"

"பாம்புன்னா நானே அடிச்சிருப்பேனேம்மா... சுவத்தைப் பாருங்க!"

பார்த்தாள். குமட்டியது.

ஈ!

கூடத்தின் கோடியில், ஆள் உயரத்துக்கு அடைத்துப் பூசிய வெள்ளைச் சுவர். நடுவே நூலிழை போல் ஒரு விரிசல். விரிசல் நெடுக ஈ... ஒன்றின் மேல் ஒன்றாக... பச்சைப் பச்சையாக...

"போன வாரம் இங்க ஒரு மாடம் இருந்துச்சும்மா. சிலை வைக்கிற மாடம். நான் லீவுல போயிட்டு வர்றதுக்குள்ள அடைச்சிருக்காங்க."

கூட வந்த ஏட்டு மூக்கைப் பொத்தினார். "மேடம், இது எலி நாத்தம் மாதிரி தெரியல."

"எலிக்கு இவ்வளவு செல்வாக்கு ஏதுய்யா?"

கஷாயத்துக்குச் சட்டென்று ஒரு ஃபைல் நினைவுக்கு வந்தது. போன வாரம்தான் மரபுத் துறை இன்ஜினியர் ஒருவர் காணாமல் போயிருந்தார். இதே கட்டடத்தில் வேலையின் தரத்தைச் சோதிக்க வந்தவர். 'எவளோடயோ ஓடிட்டார்' என்றது அவர் ஆபீஸ். 'இன்னிக்கே ஃபைலை மூடு' என்றார் கமிஷனர்.

ஓடிப்போனவரின் மனைவி மட்டும் மூடவில்லை. தினமும் கஷாயத்தின் பின்னாலேயே அலைந்தாள். இப்போதும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்ஸ்பெக்டர்! சுவத்துல கை வைக்காதீங்க!"

வந்தவர் மரபு நிபுணர். வெள்ளை வெளேரென்ற முடி. கழுத்தில் பட்டுத் துண்டு. இந்தக் கட்டடத்தைப் புதுப்பித்த வேலைக்கு முழுப் பொறுப்பு அவருடையது. அதற்காகச் சாயங்காலம் மேடையில் அவருக்கு அரசு விருது!

"எலி செத்திருக்கும். சென்ட் அடிச்சா சரியாயிடும். இப்ப இது மேல போட்டோ பலகை மாட்டப் போறோம்."

"உடைக்கணும் சார்."

"உடைக்கிறதா? இது பாதுகாக்கப்பட்ட கட்டடம்மா! ஒரு ஆணி அடிக்கக்கூட கமிட்டி அனுமதி வேணும்!"

"கமிட்டித் தலைவர் யாரு?"

"நான்தான்."

"அப்ப வாசல் தூண்ல நாலு ஆணிக்கு நீங்கதான் அனுமதி குடுத்தீங்களா?"

நிபுணர் பட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

இன்ஜினியரின் மனைவி மெல்ல உள்ளே வந்தாள்.

"மேடம்... ஓடிப்போறவரு பிரஷர் மாத்திரையை வீட்டுலயா விட்டுட்டுப் போவாரு? அவர் ஆபீஸ்ல என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க. என் மாமனாரே பெத்த மகன் போட்டோவைக் கழட்டி வச்சுட்டாரு. அவர் உயிரோட திரும்பி வர்றாரோ இல்லையோ... ஓடிப்போனவர்ங்கிற பேரு மட்டும் வேணாம் மேடம்."

கஷாயம் அவளைப் பார்த்தாள். பிறகு ஏட்டைப் பார்த்தாள்.

"கடப்பாரை கொண்டாங்க."

"மேடம், உள்ள எலி மட்டும் இருந்துச்சுன்னா நம்ம தொப்பி போயிடும்!"

"போகட்டும்யா. தலைக்குக் கொஞ்சம் காத்தாவது படும்."

நிபுணர் போனை எடுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். அதற்குள் ஏட்டு ஓங்கிக் குத்தினார். முதல் குத்திலேயே கடப்பாரை ஈரமாக இறங்கியது. ஈக்கள் கொத்தாகக் கிளம்பின. இரண்டு செங்கல் பெயர்ந்து விழுந்தன...

உள்ளே ஒரு கை!

அதன் மேலே சாய்ந்த தலை. ஒற்றைக் காதில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. மற்றதை விவரிக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்களும் இருப்பார்கள்.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடப்பாவி!" என்றார் நிபுணர். "கான்ட்ராக்டர் வேலைதான் இது! போன வாரம் இதே கூடத்துல இன்ஜினியர் சட்டையைப் பிடிச்சான். மாடத்தை அடைக்கச் சொன்னதும் அவன்கிட்டதான். பிடிச்சு உள்ள போடுங்க!"

அமைச்சரின் உதவியாளர் மூச்சிரைக்க ஓடி வந்தான். எட்டிப் பார்த்தான். கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"மேடம்... விழா முடியற வரைக்கும் திரும்ப ஒரு பூச்சு பூசி வைக்க முடியுமா?"

கஷாயத்துக்கு வாயெல்லாம் கசந்தது. துப்பப் போனாள். மரபுச் சின்னம் என்று நினைவு வர, விழுங்கினாள்.

பந்தல் பக்கத்திலிருந்து கான்ட்ராக்டரை இழுத்து வந்தார்கள். பார்த்ததும் தொப்பை குலுங்க அழுதான்.

"சட்டையைப் பிடிச்சது நெசம்தான் மேடம்! சுவத்தைச் சுரண்டிப் பாத்துட்டு, 'சுண்ணாம்பு எங்கடா'ன்னாரு. மரபுக் கட்டடத்துக்குச் சுண்ணாம்புதான் பூசணும்னு ரூலு. நான் பூசினது பூரா சிமென்ட் மேடம்! மேல மட்டும் சுண்ணாம்பு கலர்ல பெயின்ட்டு!"

"வெக்கமா இல்ல?"

"இருக்கு மேடம். ஆனா நான் ஃப்ராடுதான்... கொலைகாரன் இல்ல! இந்த மாடத்தை அடைக்கச் சொல்லி என்கிட்ட யாரும் சொல்லவே இல்ல!"

"பொய்!" என்றார் நிபுணர்.

கஷாயம் ஜீப் சாவியால் பக்கத்துச் சுவரைக் கீறினாள். கீறல் விழவில்லை. பெயர்ந்து கிடந்த பூச்சிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அழுத்தினாள். கட்டைவிரல் உள்ளே போனது.

"இது என்னய்யா?"

கான்ட்ராக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான்.

"ஐயோ... சுண்ணாம்பு! நெசமான சுண்ணாம்பு மேடம்! காய வாரக்கணக்காகும். எங்க ஆளுங்க எவனுக்கும் இதைக் கலக்கவே தெரியாது. தெரிஞ்சா நான் ஏன் மேடம் ஃப்ராடு பண்ணப் போறேன்?"

கஷாயம் மெதுவாகத் திரும்பினாள்.

"இங்க சுண்ணாம்பு கலக்கத் தெரிஞ்ச ஆள் யாரு சார்? கையைக் காட்டுங்க."

நிபுணர் கைகளைப் பின்னால் மறைத்தார். ஏட்டு பிடித்து முன்னால் இழுத்தார். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பில் வெந்த கொப்புளம்!

"மேடையில வச்சே எல்லாத்தையும் சொல்லிடுவேன்னான் அந்த இன்ஜினியர்..." என்றார் நிபுணர். "எல்லாம் சுண்ணாம்புன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானேன்னான். சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேலிடத்துல நெருக்குனாங்க, நானும் கண்ணை மூடிக்கிட்டேன். ஆயுசு பூரா சேத்த பேரும்மா அது! தள்ளினேன்... படியில தலை அடிச்சிருச்சு..."

"கட்டடம் பூரா சிமென்ட் பூச விட்டீங்க. இதுக்கு மட்டும் ஏன் சார் சுண்ணாம்பு? ரெண்டு சட்டி சிமென்ட் போட்டிருந்தா மறுநாளே கல்லாகியிருக்கும். ஈ வந்திருக்காது. நானும் வந்திருக்க மாட்டேன்."

நிபுணர் நிமிர்ந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் நிஜமான கோபம்.

"மிச்சம் இருந்த ஒரே அசல் வளைவு இந்த மாடம்தான்! இது மேல போய் சிமென்ட்டா? நான் என்ன காட்டுமிராண்டியா?"

ஈக்கள் 'ஙொய்' என்று ஆமோதித்தன.

மனைவி எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க மேடம்."

கஷாயமே நம்பரை அழுத்திக் கொடுத்தாள்.

"ஹலோ... என் வீட்டுக்காரர் எங்கயும் ஓடிப்போகல. வேலை பாக்க வந்த எடத்துலதான் இருக்காரு. சிரிச்சவங்க எல்லாரும் வந்து பாத்துட்டுப் போங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் வாய்விட்டு அழுதாள். அக்கா ஓடிவந்து அவளைத் தாங்கிக்கொண்டாள்.

நிபுணரின் கையில் விலங்கு ஏறியது.

"என்னை எங்க கொண்டு போறீங்க?"

"ஜெயிலுக்குத்தான்," என்றாள் கஷாயம். "உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் சார். இதைவிடப் பழைய கட்டடம்... இன்னிக்கு வரைக்கும் எவனும் புதுப்பிக்கல!"