சிவப்பு மூடி

மாலை 5.05.

குருவிக்கா கிடந்த அறையில் எல்லாமே வெள்ளை. தரை வெள்ளை, சுவர் வெள்ளை, இரண்டும் எங்கே சேருகின்றன என்றே தெரியாத வெள்ளை. காய்ச்சல் மருந்து சீசாக்களை நிறுத்திப் படம் பிடிக்கும் ஸ்டூடியோ அது. நடுவில் கவிழ்ந்து கிடந்தவளின் தலையைச் சுற்றி மட்டும் சிவப்பு. பக்கத்தில் கேமராவைத் தாங்கும் முக்காலி, ஒரு கால் வளைந்து.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க மேடம். மத்தியானம்தான் தரைக்குப் பெயின்ட் அடிச்சோம், இன்னும் காயல. அக்கா திட்டும்."

சொன்னவன் செத்தவளின் தம்பி. அக்கா இனித் திட்டமாட்டாள் என்பது அதன்பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய கையில் ரத்தமும் வெள்ளைப் பெயின்டும்.

பெண் இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றக் குனிந்தபோது பையில் போன் அதிர்ந்தது. அவருடைய தங்கை.

"அக்கா, குட்டிக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது. அவர் ஆபீஸ் விட்டு வரும்போது மருந்து வாங்கிட்டு வரேன்னாரு. நீ எப்ப வருவே?"

"ஒரு கொலைல இருக்கேன்டி. மருந்து வந்ததும் குடுத்துத் தூங்க வை. அப்புறம் பேசுறேன்."

ஏட்டு காதருகே வந்தார். "நாலே முக்காலுக்கு இவன்தான் முதல்ல பாத்திருக்கான் மேடம். மத்தியானம் ஆபீஸே கேக்குற மாதிரி, 'உன்கூட வேலை பாக்குறதுக்குச் சாகலாம்'னு அக்காவைப் பார்த்துக் கத்தியிருக்கான். வாயில சண்டை, கைல ரத்தம். ஜீப்ல ஏத்திடலாமா?"

"சாகலாம்னுதானே சொன்னான்? கொல்லலாம்னு சொல்லலையே. பொறுங்க."

தரையில் தடம் தேடிப் பயனில்லை. தம்பி ஓடி வந்து, வழுக்கி விழுந்து, அக்காவை மடியில் போட்டுப் புரண்டதில் எல்லாம் கலைந்திருந்தது. ஸ்டூடியோவுக்கு இரண்டு வழி. ஒன்று வரவேற்பறை வழியாக. இன்னொன்று கார் நிறுத்துமிடத்திலிருந்து ஏறும் பின்படி. பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. செத்தவளின் போனைக் காணவில்லை.

"என்னப்பா சண்டை?"

"குருவி, மேடம்."

"என்னது?"

"எங்க மருந்தோட லோகோ. ஒரு போஸ்டர்ல குருவியோட அலகு நூலளவு வெட்டுப்பட்டுடுச்சு. 'பெத்தவ முகம் மறந்தாலும் குருவி மூக்கு மறக்கக்கூடாது'ன்னு எல்லார் முன்னாடியும் ஏசுச்சு. எனக்கும் சூடேறிடுச்சு. அதுக்கப்புறம் பேசிக்கவே இல்ல. அதுதான் கடைசி."

கம்பெனியின் படமும் நிறமும் உலகத்தில் எங்கே தெரிந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதைக் காவல் காப்பதுதான் அவள் உத்தியோகம். அதனால்தான் குருவிக்கா.

தம்பி அவளுடைய கணினியைத் திறந்து காட்டினான். கட்டம் கட்டமாகப் படங்கள்.

"இந்த சாஃப்ட்வேரை நாங்க கிடங்குன்னு சொல்வோம் மேடம். லோகோ, சீசா, லேபிள் எல்லாம் இங்க ஒரே ஒரு பிரதிதான். வெப்சைட்டு, வரவேற்பறை டிவி, ஸ்டால் டிவி எல்லாத்துக்கும் படம் இங்கிருந்துதான் போகும். இங்க மாத்தினா அந்த நிமிஷமே எல்லா இடத்துலயும் மாறிடும். ஆளாளுக்கு ஒண்ணை எடுத்து வெச்சுக்கிட்டா குருவி நாலு ஊர்ல நாலு மாதிரி பறக்கும்னு அக்கா சொல்லும்."

"இன்னிக்கு எதையாவது மாத்தினாங்களா?"

"தெரியல மேடம். திங்கட்கிழமை சீசாவோட மூடி மாறுது. சிவப்பு போய் வெள்ளை. அதுவரைக்கும் ஒண்ணும் இல்ல."

மாலை 5.40. வரவேற்பறை.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அழுது அழுது மூக்கு சிவந்திருந்தாள். அவள் தலைக்கு மேல் பெரிய டிவி. அதில் குருவி, சிரிக்கும் குழந்தை, வெள்ளை மூடி போட்ட சீசா.

"திங்கட்கிழமைதானே மாறணும்?"

"நானும் அதான் நெனச்சேன் மேடம். மூன்றரைக்கு டீ வந்துச்சு. டம்ளரை வாய்ல வெக்குறேன், கண்ணெதிர்லயே சிவப்பு மூடி போய் வெள்ளை வந்துடுச்சு. உடனே அக்காவுக்குப் போன் பண்ணேன். 'நான்தான் மாத்தினேன், யார்கிட்டயும் சொல்லாதே, அப்புறம் பேசுறேன்'னாங்க. குரலே சரியில்ல."

"அப்ப மூன்றரைக்கு உயிரோட இருந்தாங்க. அதுக்கப்புறம் இந்த வழியா யார் உள்ள போனா?"

"தம்பி மட்டும்தான். நாலே முக்காலுக்கு."

ஏட்டு தொண்டையைச் செருமினார். இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் பொறுக்க முடியாமல் ஒரு மூடியின் நிறத்தை இன்றே மாற்ற அப்படி என்ன அவசரம்?

மாலை 6.20.

விற்பனை மேனேஜர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். கோட்டு, டை, பளபளக்கும் கறுப்பு ஷூ.

"சேதி கேட்டதும் ஓடி வரேன் மேடம். நாளைக்குக் கண்காட்சி. காலையிலேருந்து அந்த ஹால்லதான் கிடக்குறேன். ஊருக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து ஒரு மணி நேரம்."

"உங்களை அங்க பாத்தவங்க?"

"ஆசாரி, எலெக்ட்ரீஷியன், எடுபிடின்னு அங்க ஒரு சந்தையே கூடியிருக்கு. யாரு யாரைப் பாத்தாங்க? ஆனா இதைப் பாருங்க." போனை நீட்டினார். கம்பெனி ஆட்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழு. நாலு பத்துக்கு ஒரு படம். கீழே, 'ஸ்டால் ரெடி!'

படத்தில் மேனேஜர் கட்டை விரலை உயர்த்திச் சிரித்தார். பின்னால் ஒரு ஏணி, பாதி ஒட்டிய பலூன்கள், பெரிய டிவி. டிவியில் குருவி, சிரிக்கும் குழந்தை, சிவப்பு மூடி போட்ட சீசா.

"எடுத்தது எப்ப?"

"எடுத்த கையோட அனுப்பினேன். நாலு பத்து."

"குருவிக்காவோட உங்களுக்கு ஒத்துப்போகுமா?"

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "செத்தவங்களைக் குறை சொல்லக்கூடாது. ஆனா அந்தம்மா ஒரு இம்சை மேடம். எனக்கு பென் டிரைவ்ல படம் வெச்சுக்கிற பழக்கம். அவங்களுக்கு அது ஆகாது. ஸ்டால் டிவியில பென் டிரைவ் சொருகுற ஓட்டையைக்கூட பசை ஊத்தி அடைச்சு அனுப்பிட்டாங்க. குண்டூசி நுழையாது."

"அப்ப அந்த டிவிக்குப் படம் எங்கிருந்து வரும்?"

"அவங்க கிடங்குலேருந்துதான். வேற வழி?"

"நல்லது," என்றார் இன்ஸ்பெக்டர். எழுந்து வெளியே போய் ஏட்டிடம் ஏதோ சொன்னார். ஏட்டு கண்காட்சிக் காவல்காரனுக்குப் போன் போட்டார். கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

மாலை 6.50.

"மேனேஜர் சார், இங்க கொஞ்சம் வாங்க." வரவேற்பறை டிவிக்குக் கீழே அவரை நிறுத்தினார் இன்ஸ்பெக்டர். "மூடி என்ன கலர்?"

"வெள்ளை." சொன்ன பிறகு மேனேஜர் நிமிர்ந்து இன்னொரு தரம் பார்த்தார். "ஆனா திங்கட்கிழமைதானே..."

"இன்னிக்கு மூன்றரைக்கே மாறிடுச்சு. இந்தப் பொண்ணைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்க ஸ்டால் டிவியும் அதே நேரம் மாறிடுச்சாம். எதிர் ஸ்டால் ஆசாரி பாத்திருக்கார். இப்பவும் வெள்ளைதான். நாலு பத்துக்கு எடுத்தீங்கன்னா உங்க படத்துல மட்டும் எப்படிச் சிவப்பு?"

"அது... பென் டிரைவ்ல பழைய படம்..."

"குண்டூசி நுழையாதுன்னீங்களே."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

"அது மூன்றரைக்கு முன்னாடியே எடுத்த படம். நாலு பத்துக்கு அனுப்பினப்போ நீங்க ஹால்ல இல்ல, இங்கதான் இருந்தீங்க. பின்படி வழியா வந்ததால இந்த டிவியைப் பாக்கல. பாத்திருந்தா அந்தப் படத்தை அனுப்பியிருக்க மாட்டீங்க. ஷூவைக் கழட்டுங்க."

"மேடம்?"

"காலையிலேருந்து ஹால்ல இருந்தவருக்கு இங்க மத்தியானம் அடிச்ச பெயின்ட் ஒட்டாது."

மேல்தோல் பளபளவென்று துடைத்திருந்தது. அடித்தோல் தையலுக்குள், நூல் நூலாக, வெள்ளை. ஏட்டு தம்பியின் தோளிலிருந்து கையை எடுத்து மேனேஜரின் தோளில் வைத்தார்.

குருவிக்காவின் போன் மேனேஜரின் கார் சீட்டுக்கடியில் கிடைத்தது. தம்பிக்குத் திறக்கும் எண் தெரிந்திருந்தது. அவனுடைய பிறந்த நாள்.

கடைசியாக வந்திருந்தது ஒரு படம். ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரம் சிவப்பு மூடி போட்ட குருவி சீசா. பின்னால் மங்கலாக ஒரு பச்சைக் குழந்தையின் கை, அதில் ஊசி. கீழே யாரோ ஒரு தாய்: 'ஒரு மூடிதான் குடுத்தேன். புள்ள கண்ணே திறக்கல.'

தம்பி விரலால் சீசாவைப் பெரிதாக்கினான். முகம் வெளிறியது. "தயாரிச்சது இந்த மாசம்... மேடம், இந்த மாசத்துலேருந்து புது மருந்து. இரட்டை வீரியம். அதுக்காகத்தான் பாதி கொள்ளுற வெள்ளை மூடியே வருது. பழைய சீசாவுலயா அடைச்சாங்க?"

"கோடவுன் நிறைய பழைய சீசா," என்றார் மேனேஜர், தரையைப் பார்த்து. "பழைய லேபிளை அவ கிடங்குல பூட்டிட்டா. என் பென் டிரைவ்ல ஒண்ணு இருந்துச்சு, அதை அச்சடிச்சு ஒட்டினோம். போலீஸுக்குப் போறேன்னு மூணு மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னா. வந்து கெஞ்சினேன். கேக்கல."

"அதான் அக்கா உடனே மாத்தியிருக்கு." தம்பி முணுமுணுத்தான். "டிவியில சிவப்பைப் பாத்துட்டு யாரும் வாங்கிடக்கூடாதுன்னு... ஆனா கடையில இருக்கிறது மாறாதே மேடம். அது ஒவ்வொண்ணா கையாலதான் எடுக்கணும்."

கடைகளின் எண்ணைத் தேடி அவன் ரத்தக் கையோடு அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் தன் போனை எடுத்திருந்தார். ஒன்பது முறை மணி அடித்த பிறகுதான் தங்கை எடுத்தாள்.

"என்ன மருந்து வாங்கிட்டு வந்தாரு?"

"எல்லாரும் குடுக்கிறதுதான்க்கா. குருவி. ஏன்?"

"மூடி என்ன கலர்?"

"சிவப்பு."

"குடுத்துட்டியா?"

எதிர்முனையில் குழந்தை சிணுங்கும் சத்தம். சீசாவில் மூடி உரசும் சத்தம்.

"இப்பதான் மூடியில ஊத்தி வாய்கிட்ட..."

"கீழ கொட்டுடி!"

வரவேற்பறை முழுக்க அந்தக் குரல் அதிர்ந்தது. மேனேஜர் உட்பட எல்லோரும் நிமிர்ந்தார்கள். தலைக்கு மேலே டிவியில் வெள்ளை மூடி சீசாவின் பக்கத்தில் குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது.