வாசல் படம்

கடன் வசூல் அலுவலகத்தில் என் வேலை படம் பார்ப்பது. வசூலுக்குப் போகிறவர்கள், கடன் வாங்கியவர் வீட்டு வாசலில் நின்று, கதவு தெரியும்படி தங்களைத் தாங்களே படம் எடுத்து அனுப்ப வேண்டும். நான் டிக் போட்டால்தான் அவர்களுக்கு அன்றைய படி.

தொண்டை என்று ஒருவன் எங்களிடம் இருந்தான். தெருவே கேட்கும்படி கத்துவதைத் தவிர அந்த மகானுக்கு வேறொன்றும் தெரியாது. அதுவும் பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளில்தான். ஒரு தையல்கார அம்மா கடைசித் தவணையை அவன் கையில் கொடுத்தார். அவன் ஏப்பம் விட்டுவிட்டான். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'கட்டத் தவறியவர்' என்று விழுந்தது. மகளின் கல்லூரிக் கடனுக்கு எந்த வங்கிக்குப் போனாலும் அந்த வரியைக் காட்டியே விரட்டினார்கள்.

கடன் தீர்ந்தது என்று ஒரு கடிதம் கேட்டு என் மேசைக்கு ஒன்பது முறை வந்தார். பணம் எங்கே போனதென்று எனக்குத் தெரியும். நமக்கேன் வம்பு என்று ஒன்பது முறையும், "நாளைக்கு வாங்கம்மா" என்றேன்.

பத்தாவது முறை வரவில்லை. தைத்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் மேல் சாய்ந்து போய்விட்டாராம்.

கணக்கு மூடப்படாததால் அடுத்த மாத வசூல் பட்டியலிலும் அவர் பெயர் வந்தது. பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் முன் நின்று, பட்டப்பகலில், பல்லைக் காட்டியபடி தொண்டை படம் அனுப்பினான்.

அவன் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா நின்றார். கழுத்தில் அளவு நாடா.

கேமரா கண்ணாடியில் அழுக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டு டிக் போட்டேன்.

அடுத்த படம் வேறு தெரு, வேறு வீடு. அங்கேயும் நின்றார்.

அதற்கடுத்த படத்தில் அவர் கை இவன் தோளில் இருந்தது.

மாலையில் தொண்டை என் மேசைக்கு வந்தான். அவன் சட்டையில் மெஷின் எண்ணெய் வாடை. ஊரைக் கூட்டும் அந்தக் குரலில் வெறும் காற்றுதான் வந்தது.

"அக்கா, அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிடுங்க."

"பணம் வாங்கினேன்னு எழுதிக் குடுத்துடுடா. அந்தம்மா போயிடுவாங்க."

"எழுதினா வேலை போயிடும்க்கா."

தோளில் பேய் கை வைத்திருக்கிறது, இந்தப் பிறவிக்கு வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? டிக் போட்டவள் ஆயிற்றே. அழித்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. படம் மட்டும் வந்தது.

அவன் வீட்டு வாசல். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறான்.

வாயிலிருந்து அளவு நாடாவின் நுனி தொங்குகிறது.

இரண்டு கையும் கழுத்தில் இருக்க, படம் எடுத்தது யார்?

உயிர் இருக்கிறது, பேச்சுதான் வரவில்லை என்று அவன் மனைவி போனில் அழுதாள். மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கை மூடிக் கடிதம் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. ஓட்டமாக ஓடி அந்த மகளிடம் நீட்டினேன்.

அவள் கையால்கூடத் தொடவில்லை. "இது எதுக்குங்க இப்போ? காலேஜ்ல சேர்க்கை போன மாசமே முடிஞ்சிடுச்சு."

இன்று காலைப் பட்டியலில் என் பெயர் இருந்தது. நான் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. கீழே ஒரு படம்.

என் வீட்டுக் கதவு. உள்ளேயிருந்து எடுத்த படம். தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.

குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரே வரி.

'நாளைக்கு வரச் சொன்னீங்க. வந்துட்டேன்.'