முன்னால் போகிற முட்டைக்காரர்

விமானம் பெட்ரோல் பங்க்குக்கு நேர் எதிரே நின்றிருந்தது. எண்ணெய் தீர்ந்துபோய் நெடுஞ்சாலையில் இறங்கிய விமானம் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. நான் வேனை ஓரங்கட்டியபோது பங்க் ஊழியர்கள் இறக்கைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இடுப்பில் கை வைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

என் தங்கச்சி புருஷன். நாலு பேர் உட்காரும் குட்டி விமானத்தை விடுமுறை நாளில் ஓட்டுகிறவர். ஆனால் தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, சந்தைக்குப் போனாலும் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்கிற அலட்டல். நான் அவர் பறக்கும் ஃபிளையிங் கிளப்பில் மெக்கானிக். அந்த ஆளின் பந்தாவை வீட்டிலும் பார்த்தாக வேண்டும், வேலையிடத்திலும் பார்த்தாக வேண்டும்.

இந்த விமானத்துக்கு எண்ணெய் இரண்டு இறக்கைக்குள்ளும் இருக்கும். எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு முள் உண்டு. அது பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும். அதனால் கிளம்பும் முன் ஏணி போட்டு ஏறி, மூடியைத் திறந்து, குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். நேற்றுச் சேர்ந்தவர்கூடச் செய்வார். கேப்டன் மட்டும் செய்ய மாட்டார். சட்டையில் கறை பட்டுவிடுமாம். அந்தச் சட்டையைக் காப்பாற்றத்தான் முந்தின நாள் வானத்தில் என்ஜின் நின்றது.

"வாங்க மச்சான்," என்றார். "டிவி பாத்தீங்களா? ஒரு உயிருக்குக்கூடச் சேதம் இல்லாம எறக்கியிருக்கேன். நாலு முட்டை ஒடஞ்சது, அவ்வளவுதான்."

உடைந்தது நாலு முட்டையா? முன்னால் ஒரு மொபெட்டில் முட்டைக்காரர் ஒருவர், கைப்பிடியில் ரப்பர் ஹார்னும் பின்சீட்டில் அட்டை அட்டையாக முட்டையும் கட்டி ஓரமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். என்ஜின் நின்ற விமானம் சத்தமே போடாது. ஹார்னும் கிடையாது. வலது சக்கரம் அவரைப் பின்னாலிருந்து அடித்துத் தூக்கி எறிந்தது. அவர் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை. மாப்பிள்ளை டிவிக்காரர்களிடம் கதை அளந்துகொண்டிருந்தபோது அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்கள்.

நான் குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். மஞ்சள் கரு காய்ந்து பிடித்திருந்தது. ஓட்டுத் துணுக்குகள். முட்டை வாடை மூக்கில் ஏறியது.

சாலையை மறித்து நின்ற போலீஸ்காரர் என் பக்கத்தில் வந்து, "அந்த முட்டைக்காரரு காலையில ஆஸ்பத்திரியில போயிட்டாருங்க," என்றார் மெதுவாக.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். கொஞ்சமாவது முகம் மாறும் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தபடியே, "ரோட்டுல போறவன் பின்னால என்ன வருதுன்னு பாக்க வேண்டாமா மச்சான்? அவனவன் விதி," என்றார்.

த்தூ. இந்த ஆளுக்கா என் தங்கச்சியைக் கொடுத்தோம் என்று வயிறு எரிந்தது.

அவளும் வந்திருந்தாள். புது உடுப்பு, வாரி முடித்த தலை. விமானத்தை இந்தச் சாலையிலிருந்தே மேலேற்றி, கிளப்பின் ஓடுதளத்துக்குக் கொண்டுபோவது ஏற்பாடு. அங்கே கேமராக்கள் காத்திருந்தன. கேப்டனும் மனைவியும் ஜோடியாக இறங்கி வர வேண்டுமாம்.

"நீ என்கூட வேன்ல வா," என்றேன்.

"அண்ணே, சும்மா இரேன். நான் வரலேன்னா வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு."

எனக்கு அவளைத் தவிர வேறு யாரும் கிடையாது. அவளை அந்த மனுஷனோடு ஆகாயத்தில் அனுப்ப மனம் ஒப்பவே இல்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் என்ன பேச?

என்ஜினைச் சோதித்தேன். எண்ணெய் ஊற்றினேன். சாலையிலிருந்து எழும்ப எடை குறைவாக இருக்க வேண்டும், அதனால் ஓடுதளம் வரை போகிற அளவும் அதற்குமேல் கொஞ்சமும்தான். "சுத்திக்கிட்டு இருக்காதீங்க மாப்ள, நேரா போய் எறங்குங்க. ஏறிக் குச்சி விட்டு ஒரு தடவ பாத்துடுங்க," என்றேன். அவர் உள்ளே உட்கார்ந்து முள்ளை விரலால் தட்டினார். அது பாதியில் நின்றது. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தியதால் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. பங்க்கில்கூடப் பேச்சு அடங்கிவிட்டது.

பாம். பாம்.

ரப்பர் ஹார்ன். எனக்குப் பின்னால், மிக அருகில்.

திரும்பினேன். யாருமில்லை. முட்டை வாடை மட்டும் அடித்தது. சக்கரத்தை அப்போதே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன்.

மாப்பிள்ளை ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "யாருய்யா அது ஹார்ன் அடிக்கிறது? ரோட்டக் காலி பண்ணச் சொல்லுங்க."

போலீஸ்காரர் விழித்தார். "இங்க யாரும் இல்லீங்களே."

தங்கச்சி ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். என்ஜின் பிடித்தது. நான் விலகி நின்றேன். விமானம் நகரவில்லை. அவள் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது.

கதவு திறந்தது. அவள் கிட்டத்தட்ட விழுந்து இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னால ஒருத்தர் போறாருண்ணே. மொபெட்ல. பின்னாடி அட்ட கட்டியிருக்கு."

சாலையைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

"பயந்தாங்கொள்ளி," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இதுங்களக் கட்டிக்கிட்டு." கதவை இழுத்துச் சாத்தினார். ஓடி, எழும்பி, மரங்களுக்கு மேலே சின்னதாகிப்போனார். போய்த் தொலையட்டும் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கிளப்பின் ஓடுதளமும் அதே சாலையோரத்தில்தான், இன்னும் தூரத்தில். போலீஸ்காரர் முதலில் எங்கள் வேனை மட்டும் விட்டார். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கிளப்பின் ரேடியோ எங்களுக்கு நடுவில் கரகரத்தது.

"ஓடுதளத்துல ஒருத்தன் வண்டி ஓட்டிக்கிட்டுப் போறான். வெரட்டுங்க அவன," என்றது மாப்பிள்ளையின் குரல்.

"ஓடுதளம் காலியாத்தான் இருக்கு கேப்டன்," என்றார் கிளப்பில் இருந்தவர்.

"கண்ணு அவிஞ்சுபோச்சா? நடுவுல போறான்யா. நான் மேல ஏத்துறேன்."

ஒரு சுற்று சுற்றினார். மறுபடி இறங்க வந்தார். மறுபடி மேலே ஏற்றினார். நான் ரேடியோவை எடுத்து, "மாப்ள, எண்ண பத்தாது, எறங்கிடுங்க," என்றேன். "பாதி இருக்கு மச்சான், முள்ளு காட்டுது," என்றார். அந்தத் திமிர் அப்போதும் போகவில்லை.

அடுத்த சுற்றில் குரல் தாழ்ந்திருந்தது.

"அதே எடத்துல போறான் மச்சான்."

அதற்கடுத்த சுற்றில் அது கிசுகிசுப்பு.

"திரும்பியே பாக்க மாட்டேங்குறான்."

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு ரேடியோவில் என்ஜின் சத்தம் இருமியது. நின்றது. வெறும் காற்று மட்டும் கேட்டது.

"நின்னுபோச்சு. ரோடு தெரியுது. ரோட்டுல எறக்குறேன்."

"எந்தப் பக்கம்? மாப்ள, எந்தப் பக்கத்துலேருந்து வர்றீங்க?"

நான் முன்னால் உள்ள வானத்தைத் துழாவினேன். ஒன்றும் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

பாம். பாம்.

பின்னால்.

பாம். பாம். பாம்.

பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். அது முழுக்க விமானம். நின்றுபோன விசிறி, அதற்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட முகம். சத்தமே இல்லை.

ஸ்டியரிங்கை ஒடித்தேன். வேன் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. சக்கரம் வேனின் கூரையை உரசிக்கொண்டு போனது. தங்கச்சி என் மேல் விழுந்தாள். அவளுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். முட்டைக்காரருக்குப் பின்னால் ஹார்ன் அடிக்க முந்தின நாள் யாரும் இல்லை. எங்களுக்கு அவர் அடித்தார்.

விமானம் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மாப்பிள்ளைக்கு உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. வெள்ளைச் சட்டை மார்பிலிருந்து இடுப்பு வரை மஞ்சளாக நனைந்து வழிந்துகொண்டிருந்தது. முட்டை வாடை முகத்தில் அறைந்தது.

"எறங்குங்க மாப்ள."

அவர் காலியான சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க மச்சான். அவரு ஓரமா போகட்டும்."

கேப்டன் இரண்டாம் முறையும் உயிர்ச்சேதமின்றி இறக்கினார் என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் அவர் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை. நான் போகிறேன். பகல் வேளையில்தான். மாப்பிள்ளை கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போக எழுந்திருப்பார். நடையில் கால் வைத்ததும் நின்றுவிடுவார். காலியான நடையைப் பார்த்தபடி நிற்பார். சாப்பாடு ஆறும்.

"போங்களேன், யாரு இருக்கா?" என்றாள் தங்கச்சி, போன வாரம். அழுது அழுது குரலே போய்விட்டது அவளுக்கு. எனக்கு அந்த மனுஷன் மேல் இரக்கம் வரவில்லை. அவளுக்காகத்தான் போய் அவர் தோளைத் தொட்டேன். "நடங்க மாப்ள. முன்னால யாரும் இல்ல."

"முன்னால இல்ல மச்சான்," என்றார் அவர், மிக மெதுவாக. "இன்னைக்குப் பின்னால வர்றாரு."

வாசல் கதவு சாத்தியிருந்தது.

பாம். பாம்.

நாங்கள் மூவரும் சுவரோடு ஒட்டி வழி விட்டோம். முட்டை வாடை எங்களைத் தாண்டி நிதானமாக உள்ளே போனது.