அதியனின் அடிநிலை

கோயம்புத்தூரில் இப்போதெல்லாம் யாரும் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை, நிறத்தைத்தான் கேட்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் இடத்திலும் சரி, அடுக்ககத்து லிஃப்டிலும் சரி, "பையன் பச்சைதானுங்களே?" என்பதுதான் முதல் விசாரிப்பு. "பச்சைதானுங்க. ரெண்டு வருசமா ஒரு மஞ்சகூட வரல" என்று சொல்லும் அம்மாக்களின் முகத்தில், முன்னொரு காலத்தில் மாநிலத்திலேயே முதலிடம் என்று சொன்னவர்களின் அதே பூரிப்பு. சொந்தக்காரர்கள் திருந்திவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சுபிக்ஷாவிடம் மட்டும் யாரும் இதைக் கேட்கத் துணிவதில்லை. மனக்காப்பை உருவாக்கியவளே அவள்தானே.

பதினொரு வயது தொடங்கி இருபத்தொன்று முடியும்வரை எல்லாப் பிள்ளைகளின் மணிக்கட்டிலும் அந்த வளையம் இருக்க வேண்டும் என்பது சட்டம். தூக்கம், நாடித்துடிப்பு, குரலின் ஏற்ற இறக்கம், யாரோடு எவ்வளவு பேச்சு, என்ன பேச்சு என்று எல்லாவற்றையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். கட்டிய முதல் சில வாரங்களில் வாயே திறக்காது. இந்தப் பிள்ளையின் இயல்பு எது என்று படித்துக்கொள்ளும். அதற்கு அடிநிலை என்று பெயர். அதன்பிறகு பிள்ளை அடிநிலையை ஒட்டி இருந்தால் பச்சை, கொஞ்சம் விலகினால் மஞ்சள், வெகுவாக விலகினால் சிவப்பு. சிவப்பு எரிந்து பெற்றோர் சம்மதித்தால், பிள்ளையைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக அரவணைப்பு வண்டி பள்ளி வாசலில் வந்து நிற்கும்.

"ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அவனை அவனோடு மட்டும் ஒப்பிடுங்கள்" என்று சுபிக்ஷா மேடைதோறும் சொல்வாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். அவளுக்கு அது வெறும் மேடைப் பேச்சு இல்லை. அவளுடைய மூத்த மகன் இனியனை ஒப்பிட்டு ஒப்பிட்டே ஒடித்துப் போட்டிருந்தார்கள்.

மருத்துவ நுழைவுத் தேர்வில் இனியன் இரண்டாம் முறையும் தவறியபோது, பெரியப்பா மகன் தேறியதை ஆளாளுக்கு அவனிடம் சொல்லிக் காட்டினார்கள். நண்பர்களெல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பேச ஆளில்லாமல் அறைக்குள்ளேயே கிடந்தான். "என்னால உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று ஒரு தடவை சொன்னான். இன்னொரு தடவை, தூக்கமே வருவதில்லை என்றான். சுபிக்ஷா பால் காய்ச்சிக் கொடுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னாள். அவ்வளவுதான் செய்தாள். பத்தொன்பது வயதில் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். எல்லாம் சேர்ந்து ஒரே பிள்ளையின் தலையில் இறங்கியதை வீட்டில் ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

சுபிக்ஷா அப்போது இதய நோயாளிகளுக்கான கைவளையம் செய்யும் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தாள். கருமாதி முடிந்த கையோடு அலுவலகத்திலிருந்து ஒரு வளையத்தை எடுத்துவந்து, அழுதுகொண்டே அதை மாற்றியமைத்து, இளையவன் அதியனின் கையில் கட்டினாள். அவனுக்கு அப்போதுதான் பதினொரு வயது.

"இது எதுக்கும்மா?"

"நீயாச்சும் நல்லா இருக்கோணும் சாமி. அதுக்குத்தான்."

அதுதான் உலகத்தின் முதல் மனக்காப்பு. அரசாங்கம் அதைக் கையில் எடுத்த பிறகு எத்தனையோ வீடுகளில் இழவு விழாமல் போயிற்று, அதில் பொய்யில்லை. சுபிக்ஷாவைக் கண்டதும் காலில் விழுந்த பெற்றோர்கள் உண்டு. கொண்டாடப்பட வேண்டியவள்தான். அவள் வீட்டுக்குள் மட்டும் ஒரு வழக்கம் வந்திருந்தது. இனியனின் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. படம் பீரோவுக்குள் போயிற்று. சின்னவன் மனசு புண்படக் கூடாதே என்று அவளாகச் செய்த ஏற்பாடு அது. கணவர் துபாயில் வேலை தேடிக்கொண்டு போனார். வருடத்துக்கு ஒருமுறை வந்தார். அதியன் சத்தம் போடாமல் வளர்ந்தான். வைத்ததைச் சாப்பிட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான், ஐந்து வருடமும் பச்சையாகவே இருந்தான். தினமும் தூங்கப் போகுமுன் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் சுபிக்ஷா கண்ணை மூடுவாள். பையனின் முகத்தைப் பார்த்தாளா என்றால், அதற்கு அவசியம் இருந்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் மதியம், அலுவலகக் கூட்டத்தின் நடுவில் அவள் கைப்பேசி அலறியது. அதியன், சிவப்பு. கீழே காரணங்கள் ஓடின. இரண்டு வாரமாகத் தூக்கம் குறைவு. பேச்சில் திடீர் மாற்றம். நேசித்த பொருளை நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். இறந்த அண்ணனின் பெயரை இன்று பலமுறை உச்சரித்தான். கண்ணீர். நாடித்துடிப்பு உச்சத்தில்.

ஒவ்வொன்றும் அவளே எழுதிச் சேர்த்த அறிகுறி. போகத் தீர்மானித்த பிள்ளைகள் பிரியமான பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வண்டியை அனுப்பப் பெற்றோரின் சம்மதம் கேட்டது திரை. அதியனை ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். எண் அங்கேயேதான் இருந்தது. ஆனால் ஒருமுறை தாமதித்து ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். சம்மதத்தை அழுத்தினாள்.

அவள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதியன் மலங்க மலங்க விழித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் வகுப்புத் தோழன் இர்ஃபான் கையில் ஒரு கிரிக்கெட் மட்டையோடு ஓடி வந்தான்.

"ஆன்ட்டி, எங்க ஆன்ட்டி கூட்டிட்டுப் போறாங்க? அவன் நல்லாத்தான் இருந்தான். கேன்டீன்ல சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தோம் ஆன்ட்டி, சத்தியமா."

இனியனின் மட்டை அது. திரை சொன்ன நேசித்த பொருள் இதுதான் என்று சுபிக்ஷாவுக்குப் புரிந்தது. உள்ளுக்குள் முடிவெடுத்துவிட்ட பிள்ளைக்குத் திடீரென்று ஒரு தெளிவு வரும், சிரிப்புகூட வரும் என்று எத்தனை பயிற்சி வகுப்பில் அவளே சொல்லியிருக்கிறாள்.

"அப்படித்தான் கண்ணு இருக்கும். நீ போய்ப் படி" என்று அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வண்டியின் பின்னாலேயே காரை விட்டாள்.

கோத்தகிரி போகும் வழியில் இருந்தது அந்த அரவணைப்பகம். சுத்தமான இடம், அன்பான மனிதர்கள். யாரும் அதட்டமாட்டார்கள், யாரும் எதையும் தோண்டிக் கேட்கமாட்டார்கள். மனம் அடிநிலைக்குத் திரும்பும்வரை அதைக் கிளறக் கூடாது என்பது சுபிக்ஷா வகுத்த விதி. நண்பர்கள் வந்தால் துடிப்பு ஏறுகிறது என்பதால் நண்பர்களுக்கு அனுமதியில்லை. போன் கிடையாது. அம்மாவும் வாரம் ஒருமுறை வந்து, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேட்க வேண்டும்.

முதல் வாரம் அதியன், "நான் ஒண்ணும் பண்ணலம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றான். அடுத்த வாரம் இர்ஃபான் எப்படி இருக்கிறான் என்று கேட்டான். அதற்கடுத்த வாரம் எதுவும் கேட்கவில்லை.

"அருமையா எறங்கிட்டு வருதுங்க மேடம்" என்றார் அங்கிருந்த மருத்துவர் ஜெரோம். "பேச்சு குறைஞ்சிருக்கு, தூக்கம் பழையபடி ஆயிருச்சு. ஆடி முடியறதுக்குள்ள அடிநிலைக்கு வந்துருவாருங்க."

சொன்னபடியே வந்தான். பச்சையோடு வீட்டுக்கு வந்த மகனைச் சுபிக்ஷா கட்டிக்கொண்டு அழுதாள். இன்னொரு முறை அந்த நரகத்தைப் பார்க்காமல் தப்பித்துவிட்டதாகவே அவள் நம்பினாள். அன்றைக்கு வடையும் பாயசமுமாகச் சமைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து நாத்தனார் கோமதி பலகாரத்தோடு வந்தாள். விவரம் எதுவும் தெரியாதவள், மனதில் பட்டதைச் சட்டென்று பேசிவிடுகிறவள். கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்த அதியனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏனுங்க அண்ணி, பையன் ஏன் எழவு வீட்ல உக்காந்தாப்பல உக்காந்திருக்கறான்?"

"அவன் எப்பவும் அப்படித்தான் கோமதி. அதுதான் அவன் இயல்பு."

"ஐயோ, யாருங்க சொன்னது? சின்னதுல என்ன வாயி வாயடிப்பான்! இனியன் தோள்ல ஏறிட்டு எறங்கவே மாட்டானே. பெரியவன் போனப்புறம்தானுங்க இப்படி ஆனது."

கோமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்குச் சங்கடம். சுபிக்ஷாவுக்கு அது உறைக்கவில்லை. வேறொன்று உறைத்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

கருமாதி முடிந்த கையோடு கட்டிய காப்பு அது. வீட்டில் அழுகை ஓயாத வாரங்களில், பதினொரு வயதுப் பிள்ளை சோறு இறங்காமல், தூக்கமில்லாமல், பேச்சற்றுக் கிடந்த வாரங்களில், காப்பு அவனை உட்கார்ந்து படித்தது. இதுதான் அதியன் என்று எழுதிக்கொண்டது. அதன்பிறகு ஐந்து வருடமும் பச்சை எரிந்ததற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். அவன் அந்த இழவு வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. வெளியே வர அடியெடுத்து வைத்த அன்றுதான் சிவப்பு எரிந்திருக்கிறது. அவள் வண்டியை அனுப்பி, பிள்ளையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாள்.

சட்டம் வந்த வருடத்தில், மாணவர் சாவு நடந்த பள்ளிகளுக்குத்தான் காப்புகள் முதலில் போயின. செய்தி அடங்குவதற்குள் அனுப்புங்கள் என்று அவசரப்படுத்தியவள் அவளேதான். நண்பனைப் பறிகொடுத்து விக்கித்து நின்ற அந்தப் பிள்ளைகளெல்லாம் இன்று என்ன நிறத்தில் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள்.

கோமதி கிளம்பிப் போனதும் அவள் கூடத்துக்கு வந்து மகனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, அன்னிக்குக் கேன்டீன்ல என்ன நடந்துச்சு?"

அதியன் ஆச்சரியமாகப் பார்த்தான். இத்தனை வாரத்தில் அதை அவனிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"ஒண்ணுமில்லம்மா. இர்ஃபான் ஸ்கூல் டீம்ல சேந்துட்டான், அவன்கிட்ட நல்ல மட்டை இல்ல. அண்ணன் மட்டை பரண்ல சும்மாதான கெடக்குது, இவனாச்சும் ஆடட்டும்னு குடுத்தேன். அவன் அதப் பாத்துட்டு, உங்க அண்ணன் எப்படிடா இருப்பாருன்னு கேட்டான். யாரும் எங்கிட்ட அப்படிக் கேட்டதே இல்லம்மா. அதனால சொல்ல ஆரம்பிச்சேன். அந்த ரெண்டு வாரமாவே அவன்கூட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தேன், நைட்டு தூங்கறதுக்குக்கூட லேட்டாகும். அன்னிக்கு அண்ணன் பண்ணுன ஒரு கூத்தச் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சோம். வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சோம்மா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்பத்தான் சிவப்பாச்சு."

சுபிக்ஷா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அடிநிலைய அழிச்சிடறேன் சாமி. புதுசா எடுத்துக்கலாம்" என்றாள்.

"இப்ப எடுத்தா, இப்ப இருக்கறதுதானேம்மா அடிநிலையாகும்?" என்றான் அதியன். அவன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பொறியாளரின் பிள்ளை, சரியாகத்தான் யோசித்திருந்தான்.

வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"அண்ணன் என்ன கூத்துப் பண்ணுனான்? எனக்குச் சொல்லு கண்ணு. எனக்கும் அவனப் பத்திப் பேசோணும்" என்றாள். ஐந்து வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து இனியனைப் பற்றிய பேச்சு வந்தது.

அதியனின் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நம்ம அபார்ட்மென்ட் கீழ ஹால்ல ஒரு கல்யாணம் நடந்துச்சில்லம்மா? அண்ணன் அடிச்ச பந்து ஜன்னல் வழியாப் போயி நேரா ரசவாளிக்குள்ள விழுந்துருச்சு. இவன் என்ன பண்ணுனான் தெரியுமா? ஓடிப்போயி அந்த வாளியத் தூக்கிட்டு, பரிமாறுற ஆளாட்டம் பந்திக்குள்ள போயிட்டான். ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, ரசம்ங்களா, ரசம்ங்களான்னு கேட்டுட்டே கரண்டியில பந்தத் துழாவறான்…"

அவனுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. அவளுக்கும் அழுகையும் சிரிப்புமாக ஏதோ கிளம்பியது. அப்போது மணிக்கட்டில் மஞ்சள் எரிந்தது.

அதியன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். மூச்சை மெல்ல இழுத்துவிட்டான், அரவணைப்பகத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"சொல்லு சாமி, அப்புறம்?" என்று கேட்க சுபிக்ஷா தவித்தாள். கேட்க முடியவில்லை. ஒருமுறை சிவந்த பிள்ளை மறுபடி சிவந்தால் பெற்றோரின் சம்மதம் இல்லாமலே வண்டி வந்துவிடும். பிள்ளைப் பாசத்தில் பெற்றோர் தடுத்துவிடுவார்கள் என்று, அதையும் அவள்தான் சட்டத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தாள்.

"மிச்சத்த அப்புறமாச் சொல்றேம்மா" என்றான் அதியன். அவன் குரல் பழையபடி ஆகிவிட்டது. மணிக்கட்டைப் பார்த்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தான். பச்சை வந்ததும் அம்மாவிடம் திருப்பிக் காட்டினான், அவள் பயந்துவிடக் கூடாதே என்று.