முப்பது நாளைக்குள் வந்துவிடு

கண்ணாடிக் கதவை அவள் உள்ளிருந்து இழுத்த அதே நொடியில் அவன் வெளியிலிருந்து தள்ளினான். அவள் கையிலிருந்த காபி முழுக்க அவன் சட்டையில்...

"கண்ணு எங்க சார் இருக்கு?"

"எதிர்லயே ரெண்டு இருக்கே... பெருசு பெருசா!"

முறைத்தாள். இமைகளில் மழைத்துளி தங்க அவன் சிரித்தான். துறைமுகக் கிரேன்களைப் பழுது பார்ப்பவன். அடிக்கடி வெளிநாடு. ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகப் பயணக் காப்பீடு எடுத்து அலுத்துப்போய் அவள் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கு வந்திருந்தான்.

"அப்போ வருஷ பாலிசி எடுத்துக்கோங்க. வருஷம் முழுக்க எத்தனை தடவை வேணா போயிட்டு வரலாம். ஆனா எந்தப் பயணமும் முப்பது நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா, அப்புறம் எது நடந்தாலும் கவர் கிடையாது."

"எது நடந்தாலும்னா?"

"கீழ விழறது... ஆஸ்பத்திரி..." அப்பாவின் நினைவு குறுக்கிட்டது. அவர் கப்பல் இன்ஜினீயர். காப்பீடு இல்லாமல் எங்கோ ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடல் வீட்டுக்கு வருவதற்குள் அம்மா பாதியாகிவிட்டாள்.

"ஏதாவது வியாதி இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மறைச்சா பின்னாடி பணம் வராது."

"காபி அலர்ஜி. இன்னிக்குத்தான் வந்துச்சு."

உதட்டைக் கடித்தும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் வந்து நின்றான்.

"ஒவ்வொரு தடவையும் வந்து சொல்லணும்னு இல்லையே சார்..."

"பாலிசிக்காக வரலைங்க."

அவள் கண்முன் ஒரு காட்சி விரிந்தது. கடல்காற்றில் ஆடும் கிரேனின் உச்சியில் அவன்... ஜன்னலோரம் அம்மாவைப் போலவே காத்திருக்கும் அவள்...

"இனிமே இங்க வராதீங்க."

முகம் சுண்டிப்போய் மழையில் இறங்கி நடந்தான்.

அந்தத் தடவை அவன் போன பயணம் நீண்டுகொண்டே போனது. நாமே விரட்டிவிட்டு நாமே கூப்பிடுவதா? ரோஷம் தடுத்தது. இருபத்தெட்டாவது நாள் டிவியில் அவன் போயிருந்த துறைமுகம்... புயல்... சரிந்து கிடந்த கிரேன். ரோஷம் போன இடம் தெரியவில்லை. அவன் எண்ணை அழைத்தாள். சுவிட்ச் ஆஃப். மறுபடியும். மறுபடியும்.

"யாருடி அது?" அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா மாதிரியே... ஊர் ஊரா போறவர்மா."

அம்மாவின் பார்வை சுவரில் இருந்த அப்பாவின் படத்துக்குப் போனது. பிறகு மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எடுக்கற வரைக்கும் போன் போட்டுக்கிட்டே இரு."

முப்பதாவது நாள் காலை அலுவலகத்தின் அவசர உதவி எண் ஒலித்தது. அவள்தான் எடுத்தாள்.

"மேடம்... நான்தான். ஏணியில வழுக்கிக் கால் உடைஞ்சு போச்சு. போன் கடல்ல விழுந்துருச்சு. நர்ஸோட போன்ல பேசறேன்..."

"எப்போ விழுந்தீங்க?"

"முந்தாநாள், புயல்ல."

"முப்பது நாள் கெடுவுக்குள்ளதான்... கவர் இருக்கு. ஆஸ்பத்திரிகிட்ட நாங்களே பேசிடறோம். நீங்க..." மூக்கை உறிஞ்சினாள்.

"அழறீங்களா?"

"ஆமா! வராதீங்கன்னு சொன்னது பயத்துல. உங்களைப் பிடிச்சிருக்கு... அதான் பயம். இப்பவும் பயமாத்தான் இருக்கு..."



"விழும்போது நானும் பயந்தேங்க," என்றான் மெல்ல. "சாவுக்கு இல்ல... உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லாமலே போயிடுவேனோன்னு."